லூசியன் எறிந்த இரண்டாவது பந்து

அன்புள்ள மகனுக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை நீ ரொக்ஸ்பரோவிலிருந்து வந்து, என் சமையலறை மேசையில் அந்தப் பெரிய வரைபடத்தை விரித்து, சுருளாமல் இருக்க என் மிளகாய்த்தூள் போத்தலையும் சீனிப் போத்தலையும் மூலைக்கு மூலை பாரம் வைத்தாய். "அம்மா, நான் கீறின மைதானம். வடிவா இருக்கோ?" என்று கேட்டாய். வடிவாகத்தான் இருந்தது. பிள்ளைகள் ஓடுகிற பாதை, தாய்தகப்பன் இருக்கிற வாங்கு, மரம் நடுகிற இடம் எல்லாவற்றையும் விரல் வைத்துக் காட்டினாய். உன் விரலோடு வந்த என் கண் மேலே போனபோதுதான் மைதானத்துக்கு வைக்கப்போகிற பெயரை வாசித்தேன். லூசியனின் பெயர். முழுப் பெயரும், பெரிய எழுத்தில். நீ சந்தோசமாக விளக்கம் சொன்னாய். அமெரிக்காவின் பெரிய பேஸ்போல் லீக் வரைக்கும் போய் வந்த மனிதராம். ரொக்ஸ்பரோப் பிள்ளைகளுக்குக் கனகாலம் சும்மா விளையாட்டுச் சொல்லிக் கொடுத்தவராம். இப்போது வயது போய்விட்டதாம். திறப்பு விழாவில் முதல் பந்தை அவர்தான் எறிவாராம். எதிரில் நின்று அதைப் பிடிக்கப்போவது நீயாம். "கீறினவர்தான் பிடிக்கவேணும் எண்டு அவரே கேட்டவர் அம்மா. நல்ல மனிசன். நீங்கள் கட்டாயம் வரவேணும், முன்வரிசையில இருக்கவேணும்" என்றாய். நான் ஓம் என்றேன். பிறகு நீ புட்டுச் சாப்பிட்டுக்கொண்டே, "என்னம்மா, முகம் ஒரு மாதிரிக் கிடக்கு?" என்று கேட்டாய். முழங்கால் நோகிறது என்றேன். முழங்காலுக்கு ஒன்றுமில்லை.

நீ போன பிறகு பாத்திரங்களைக் கழுவாமல் அப்படியே விட்டுவிட்டு இருந்தேன். நான் அப்படி விடுகிறவள் இல்லை என்பது உனக்குத் தெரியும். தொலைபேசியில் சொல்லலாம் என்று பார்த்தேன். நீ பாதியில் புகுந்து, "அதெல்லாம் பழைய கதை அம்மா" என்பாய். அதனால் எழுதுகிறேன். தமிழ் உனக்கு எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும். பரவாயில்லை, மெல்ல வாசி. இது அவசரமாக வாசிக்கிற விஷயம் இல்லை. அப்பா உயிரோடு இருக்கும்வரை இதை உனக்குச் சொல்லமாட்டேன் என்று உன் தலையில் கை வைத்துச் சத்தியம் பண்ணிக் கொடுத்திருந்தேன். போன மாரியில் அப்பா போய்விட்டார். சத்தியமும் அவரோடு போய்விட்டது. இனி என் வாய் எனக்குச் சொந்தம்.

உன் அப்பாவை நீ உணவகத்தில் கோப்பை கழுவுகிறவராகத்தான் கண்டிருக்கிறாய். யாழ்ப்பாணத்தில் அவர் அரசாங்கக் கந்தோரில் படவரைஞர். குளத்துக் கட்டுக்கும் மதகுக்கும் படம் கீறுகிறவர். நீ இன்றைக்குக் கணினியில் இழுக்கிற கோட்டை அவர் வெறுங்கையால் இழுத்தார். எண்பதுகளில், கலவரம் முடிந்த கையோடு, உன்னையும் தூக்கிக்கொண்டு மொன்றியலுக்கு வந்து இறங்கினோம். அகதிக் கேஸ் எப்போது கூப்பிடுவார்கள் என்று தெரியாது. வில்லரேயில் ஒரு அறை எடுத்தோம். பகலில் உன்னைப் பிள்ளைகள் பார்க்கிற கார்டெரியில் விட்டுவிட்டு, இரண்டு பேரும் குளிர்கோட்டுத் தைக்கிற ஒரு தொழிற்சாலைக்குப் போனோம். நான் மெஷினில். அப்பா பெட்டி கட்டுகிற பக்கம். அந்தப் பக்கத்துக்கு ஃபோர்மன்தான் லூசியன். நல்ல உயரம், அகலமான தோள். காலையில் ஒவ்வொருவராகப் பெயர் கூப்பிடுவான். கதிர்காமநாதன் என்கிற உன் அப்பாவின் பெயரைக்கூட வெட்டாமல் குறைக்காமல் முழுதாகச் சொல்வான். அதை ஒத்துக்கொள்கிறேன். அவன் பெரிய லீக்கில் பந்து எறிந்தவன் என்பது தொழிற்சாலை முழுக்கத் தெரியும். ஹெயிட்டிப் பெண்களும் போர்த்துக்கல் பெண்களும்கூட அதில் கொஞ்சம் பெருமைப்பட்டார்கள். பேப்பரில் படம் வந்த ஒருவன் எங்களை வேலை வாங்குகிறான் என்பது எங்களுக்கும் ஒரு கௌரவம் என்று நினைத்த காலம் அது.

பனி உருகத் தொடங்கியதும், மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் லொறி வருகிற முற்றத்துக்கு இறங்கிப் பந்து எறிவான். யாராவது ஒரு பெடியன் கையுறையைப் போட்டுக்கொண்டு எதிரில் நிற்கவேண்டும். பிடிக்கமுடியாமல் அவன் துள்ளுகிறதைப் பார்த்து எல்லாரும் சிரிக்கவேண்டும். அப்பா வேடிக்கை பார்த்துவிட்டு என்னிடம் சொல்வார், "உது எறியிறது. பந்து போடுறது இல்ல. எங்கட பள்ளிக்கூடத்தில உதுக்கு நோ போல் குடுத்துக் கலைச்சிருப்பினம்." அப்பா கல்லூரிக் கிரிக்கெட் அணியில் ஸ்லிப்பில் நின்றவர். மட்டையின் ஓரத்தில் பட்டுப் பறக்கிற பந்தை வெறுங்கையால் பிடிக்கிற இடம் அது. ஒருநாள் லூசியன் அவரைப் பார்த்து, "நீ வா" என்று கையுறையை நீட்டினான். அப்பா வாங்கவில்லை. இரண்டு கையையும் விரித்துக் காட்டிச் சிரித்தார். எங்கள் ஊரில் கையுறை விக்கெட் கீப்பருக்கு மட்டும்தான். ஸ்லிப்பில் நிற்கிறவன் கையுறை கேட்டால் பள்ளிக்கூடமே கூக்காட்டும். இது லூசியனுக்குத் தெரியாது. தன்னுடைய பந்தை ஒருவன் ஒரு பொருட்டாக எடுக்கவில்லை என்றுதான் அவனுக்குப் பட்டிருக்கும். வெறுங்கையோடு அவன் முன்னால் போய் நின்றால் அவன் அதை எப்படி எடுப்பான் என்று அப்பாவுக்கும் தெரியாது.

முதல் பந்தை எறிந்தான். நான் சாப்பாட்டுப் பெட்டியோடு படியில் நின்று பார்த்தேன். வேகமான பந்து. அப்பா இரண்டு கையையும் பந்தோடு சேர்த்துப் பின்னுக்கு இழுத்து, நெஞ்சருகில் வைத்துப் பிடித்தார். முற்றமே ஓவென்று கத்தியது. ஒரு ஹெயிட்டிப் பெண் என் முதுகில் தட்டினாள். பார்த்துக்கொண்டிருந்த ஆண்களில் ஒருவன் லூசியனின் பெயரைச் சொல்லி என்னவோ பகிடி விட்டான். எல்லாரும் சிரித்தார்கள். அப்பா பந்தை மெல்லத் திருப்பிப் போட்டுவிட்டு, என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு படியை நோக்கி நடந்தார். கனடாவுக்கு வந்தபிறகு அவர் அப்படிச் சிரித்து நான் கண்டது அன்றைக்குத்தான். "ஹே!" என்று லூசியன் கூப்பிட்டான். அப்பா திரும்பினார். பந்து அதற்கு முதலே கையை விட்டுப் புறப்பட்டுவிட்டது. முகத்துக்கு நேரே வந்தது. அப்பா வலக்கையைத் தூக்கி மறித்தார். அந்தச் சத்தத்தை நான் எழுதமாட்டேன்.

விரல் இரண்டு முறிந்துவிட்டது. லூசியனே தன் வண்டியில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனான். போகிற வழியில், ஐஸில் சறுக்கி விழுந்ததாகச் சொல்லும்படி சொல்லியிருக்கிறான். அப்பா அப்படியே சொன்னார். இன்றைக்கு நீ சட்டம் பேசுவாய். அன்றைக்கு எங்கள் எல்லாருக்கும் ஒரே ஒரு சட்டம்தான், கேஸ் முடியும்வரை வாயைத் திறக்காதே என்பது. பொலிஸ், முறைப்பாடு, சண்டை என்று எதிலாவது பெயர் அடிபட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று ஒருவருக்கொருவர் சொல்லிச் சொல்லிப் பயந்து செத்தோம். ஒருவரும் எங்களிடம் அப்படிச் சொல்லவில்லை. நாங்களாகவே நினைத்துக்கொண்டோம். அந்த நினைப்பு லூசியன் மாதிரியான ஆட்களுக்கு நல்ல வசதியாக இருந்தது. மகனே, பணிவு வேறு, பயம் வேறு. பயத்தைப் பணிவு என்று பெயர் மாற்றிக்கொண்டு நாங்கள் இந்த ஊரில் நிறையக் காலம் ஓட்டினோம். நீ அப்படி ஓட்டாதே.

அந்த மாதம்தான் ஒரு பொறியியலாளரின் கந்தோரில் படம் கீறுகிற வேலைக்கு அப்பாவைக் கூப்பிட்டிருந்தார்கள். கட்டுப் பிரித்த கையோடு போனார். சோதனைக்கு ஒரு படம் கீறச் சொல்லியிருக்கிறார்கள். திரும்பி வந்து, "அவங்களுக்கு வேற ஆள் கிடைச்சிட்டுதாம்" என்றார். அதை நான் நம்பினேன். பிறகு ஒருநாள் சந்தையால் வந்தபோது, அவர் மேசையில் குனிந்திருந்து கார்டெரியிலிருந்து நீ கொண்டுவந்த தாளில் கோடு இழுத்துப் பார்ப்பதைக் கண்டேன். கோடு நடுங்கி நடுங்கிப் போனது. என்னைக் கண்டதும் தாளை உன்னிடம் தந்து, "இந்தா, குஞ்சு, நீ கீறு" என்றார். நீ பள்ளிக்கூடம் போகத் தொடங்கியபின், உன் றிப்போட்டில் அப்பா வைத்த கையெழுத்தைப் பார்த்து, நீயே கிறுக்கியதாக ரீச்சர் சந்தேகப்பட்டார். "ஒழுங்கா எழுதப் பழகுங்கோ அப்பா" என்று அழுதுகொண்டு வந்து கத்தினாய். அவர், "ஓம் ராசா, பழகிறன்" என்றார். நான் குசினிக்குள் நின்று பல்லைக் கடித்தேன். உன்னில் எனக்குக் கோபம் இல்லை. அந்தக் கோபத்தையும் சேர்த்து லூசியனின் கணக்கில்தான் வைத்தேன்.

நான் எப்படிப் பிரெஞ்சு படித்தேன் என்று நீ உன் சிநேகிதர்களிடம் பெருமையாகச் சொல்வாய், "அம்மா றேடியோ கேட்டே படிச்சவ" என்று. என்ன கேட்டுப் படித்தேன் என்று நீ கேட்டதே இல்லை. பேஸ்போல் வர்ணனை கேட்டுப் படித்தேன். அப்பாவின் கை முறிந்த வருடத்துக் கோடை முழுக்க, வேலையால் வந்து சமைக்கிற நேரத்தில் அதைத்தான் போட்டுவிடுவேன். லூசியனின் மொழியில் லூசியனின் முகத்துக்கு நேரே பேசவேண்டும். அது ஒன்றுதான் நோக்கம். முதலில் ஒரு சொல்லும் விளங்கவில்லை. பிறகு எண்கள் விளங்கின. பிறகு இடது வலது. பிறகு யார் நல்லாக எறிகிறான், யாருக்கு அடி விழுகிறது என்று விளங்கியது. இன்னொன்றும் விளங்கியது. அந்த விளையாட்டில் ஒரு வழக்கம் இருக்கிறது. ஒருவன் உன் பந்தை வேலிக்கு வெளியே அடித்து உன்னை வெட்கப்படுத்தினால், அடுத்து வருகிறவனின் உடம்பைப் பார்த்து எறிவது. புத்தகத்தில் இல்லாத சட்டம், ஆனால் எல்லாருக்கும் தெரியும். வர்ணனையாளர்கள் அதை மழை பெய்கிறது என்று சொல்கிற மாதிரிச் சாதாரணமாகச் சொல்வார்கள். நான் அகப்பையைப் பிடித்தபடி நின்றுவிட்டேன்.

ஒருநாள் வேறு ஊரில் ஆட்டம், மழையால் நின்றுவிட்டது. நேரம் போக்க அந்த இரண்டு வர்ணனையாளர்களும் பழைய ஆட்களைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தார்கள். அதில் லூசியனின் பெயர் வந்தது. கடதாசி ஆலை ஊரில் பிறந்த பெடியன், அமெரிக்காவில் சின்னச் சின்ன அணிகளில் வருடக்கணக்காக பஸ்ஸில் அலைந்து, கடைசியில் ஒரு கோடையில் பெரிய அணிக்குக் கூப்பிட்டார்கள் என்று சொன்னார்கள். அந்தக் கோடையும் முழுதாக இல்லை. ஒரு ஆட்டத்தில் ஒருவன் அவனுடைய பந்தை வேலிக்கு வெளியே அடித்திருக்கிறான். ஆளை அடிக்காதே என்று தலைமைப் பயிற்சியாளர் வந்து சொல்லிவிட்டுப் போயும், அடுத்தவனின் கையைப் பார்த்து எறிந்து மணிக்கட்டை முறித்திருக்கிறான். கேட்டதற்கு, பந்து நழுவிவிட்டது என்றானாம். அடுத்த நாளே திருப்பி அனுப்பிவிட்டார்கள். பிறகு ஒருவரும் கூப்பிடவில்லை. "கையில திறமை இருந்தது, தலையில சூடு கூடிப்போச்சு" என்று ஒருவர் சொல்ல, மற்றவர் சிரித்தார். அவனுடைய முழு உத்தியோகமும் அவ்வளவுதான். அந்த ஒரு துண்டுக் கோடைக்காகத்தான் உங்கள் ஆட்கள் மைதானத்துக்குப் பெயர் வைக்கிறார்கள். எனக்கோ அன்றைக்கு ஒரு சந்தோசம் வந்தது. இவ்வளவு நாளும் ஒருவேளை தவறிப் பட்டிருக்குமோ என்று மனதின் ஒரு மூலை கேட்டுக்கொண்டே இருந்தது. அந்த மூலை வாயை மூடிவிட்டது. இனித் தடையில்லாமல் வெறுக்கலாம் என்று நினைத்தேன்.

சோளம் விளைகிற காலத்தில் முதலாளி எல்லாரையும் பஸ்ஸில் ஏற்றி, சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூ ஆற்றங்கரைக்கு ஒன்றுகூடலுக்குக் கொண்டுபோனார். அவித்த சோளமும் வெண்ணெயும். லூசியன் பியர் போத்தலோடு நின்று தன் பெரிய லீக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தான். முதலாளி பக்கத்தில். நான் எழும்பினேன். "இஞ்சரும், இரும். சொல்லுறதைக் கேளும்" என்று அப்பா என் சேலைத் தலைப்பைப் பிடித்தார். இழுத்துக்கொண்டு போனேன். பிரெஞ்சில்தான் சொன்னேன். உனக்காகத் தமிழில் எழுதுகிறேன். "மெஸ்யு லூசியன், அங்க ஒருத்தன்ர கையை முறிச்சதுக்கு உங்களை அடுத்த நாளே வீட்டுக்கு அனுப்பினவை. என்ர மனுசன்ர கையை முறிச்சதுக்கு இஞ்ச ஏன் இன்னும் ஃபோர்மனா வைச்சிருக்கினம்?" ஒருவரும் சோளத்தைக் கடிக்கவில்லை. அவன் முகம் வெளுத்துப்போனது. முதலாளியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், பிறகு சொன்னான், "பந்து நழுவிவிட்டது." அதே சொல். நான் சிரித்தேன். சத்தமாக, எல்லாரும் கேட்கச் சிரித்தேன். என் வாழ்க்கையில் அதைவிட இனிப்பான ஒரு நிமிடம் இல்லை. உன்னைப் பெற்ற நேரத்தைக்கூட அதற்குப் பிறகுதான் வைப்பேன், கோபிக்காதே.

திங்கட்கிழமை எங்கள் இரண்டு பேருக்கும் வேலை இல்லை என்றார்கள். லூசியன் அந்தத் தொழிற்சாலை மூடும்வரை ஃபோர்மன். அப்பா என்னோடு கதைக்கவில்லை. கதைத்த அன்றைக்கு உன்னைத் தூக்கிக்கொண்டு வந்து முன்னால் நிறுத்தினார். "இவன் இஞ்ச வளரப்போறவன். இவனுக்கு ஒரு பகையைச் சொத்தாக் குடுக்கவேண்டாம். நான் இருக்குமட்டும் சொல்லமாட்டன் எண்டு இவன்ர தலையில கை வையும்" என்றார். வைத்தேன். ஆற்றங்கரையில் அப்படிப் பேசியதற்கு இன்றைக்கும் நான் வருந்தவில்லை. வருந்துவது சத்தியத்துக்குத்தான். அப்பா பெருந்தன்மையானவர் என்று அவருடைய செத்தவீட்டில் எல்லாரும் சொன்னார்கள். ஒரு வீட்டில் ஒருவர் பெருந்தன்மையாக இருந்தால், மற்றவர் அவருடைய பங்குக் கோபத்தையும் சேர்த்துச் சுமக்கவேண்டி வருகிறது. உனக்கு வாய்க்கிற பெண்ணுக்கு அந்தச் சுமையைக் கொடுக்காதே. உனக்குக் கோபம் வந்தால் நீயே கோபப்படு.

ஆஸ்பத்திரியில் கடைசி வாரத்தில் டிவியில் ஏதோ பழைய பேஸ்போல் ஆட்டம் போய்க்கொண்டிருந்தது. அப்பா வளைந்த விரலால் என்னைத் தொட்டு, "அவன்ர முதல் பந்து நல்ல பந்து, என்ன?" என்றார். "ரெண்டாவது?" என்று கேட்டேன். அவர் டிவிப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்கு உன் அப்பாவில் அன்பும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன.

இப்போது நீ சொல்வாய், அவர் மாறிவிட்டார், இத்தனை பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார் என்று. கொடுத்திருக்கட்டும். அந்தப் பிள்ளைகளின் தாய்மார் போய் அவருக்கு மாலை போடட்டும். ஆனால் ஒன்றை யோசி. கீறினவர் என்பது ஒரு சாட்டு. உன் கந்தோரில் இத்தனை பேர் இருக்க உன்னை ஏன் கேட்டார்? நாங்கள் தகப்பன் பெயரைப் பிள்ளைக்குப் பின்பெயராக வைக்கிற ஆட்கள். வரைபடத்தின் கீழ்மூலையில் உன் பெயருக்குப் பின்னால் கதிர்காமநாதன் என்று எழுதியிருக்கிறது. ஒவ்வொரு காலையும் தன் வாயால் கூப்பிட்ட பெயர். அதை அவன் மறந்திருப்பான் என்று நீ நினைக்கிறாயா? நீ யார் என்று தெரிந்துதான் கேட்டிருக்கிறான். உன் அப்பாவிடம் வந்து கதவைத் தட்ட அவனுக்கு இத்தனை வருடமாக நேரம் கிடைக்கவில்லை. எங்கள் வில்லரேக்கும் அவன் இருக்கிற ரொக்ஸ்பரோவுக்கும் இடையில் சமுத்திரமா இருக்கிறது? அப்பா கண்ணை மூடும்வரை இருந்துவிட்டு, இப்போது மகனின் கையில் பந்தைப் போட்டு, எல்லாரும் கைதட்ட, ஒரு சொல்லும் சொல்லாமல் மன்னிப்பை வாங்கிக்கொண்டு போகப் பார்க்கிறான். என் பிள்ளையை அதற்கு ஏந்துகிற பாத்திரமாக்க நான் விடமாட்டேன்.

ஆகவே நீ போ. போகாமல் இருந்தால் உனக்குக் காய்ச்சல் என்று யாராவது சொல்லிவிடுவார்கள். நல்ல சட்டை போட்டுக்கொண்டு போய் எதிரில் நில். அவன் கையைத் தூக்கி எறியும்போது உன் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொள். கிழவனின் பந்து, மெதுவாகத்தான் வரும், உனக்கு ஒன்றும் ஆகாது. உன் கந்தோரில் கேள்வி கேட்பார்கள், வேலைக்கு ஏதும் வரலாம், அதுவும் எனக்குத் தெரியும். அப்பா இருந்தால் பிடி என்று சொல்லியிருப்பார். அவர் இல்லை, நான்தான் இருக்கிறேன். அதையும் மீறி நீ பிடித்தால், அப்போதும் நீ என் பிள்ளைதான். ஆனால் அன்றைக்குப் பின்னேரம் சாப்பாட்டுக்கு என் வீட்டுப் பக்கம் வராதே.

நான் வருவேன். கூறைச் சேலையைக் கட்டிக்கொண்டு முன்வரிசையில் இருப்பேன். பக்கத்தில் இருக்கிறவர்களிடம் சத்தம் போடவேண்டாம் என்று சொல்லிவை. அந்தப் பந்து மண்ணில் விழுகிற சத்தம் எனக்குக் கேட்கவேண்டும்.

உன்னைப் பெற்றவள்